மலையகத்திலிருந்து பயன்பாட்டு மொழியியல் முதுகலைக்கு: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை தரம் 9 ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். "ஐ வாஸ் கோ டு டவுன்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. சிவப்புப் பேனாவால் ஒரு வெட்டு. அடுத்த கொப்பியில் "ஐ வாஸ் ஈட் ரைஸ்". அதற்கும் ஒரு வெட்டு. இப்படியே முப்பத்து நான்கு கொப்பிகளில் பதினொன்றில் இந்த 'வாஸ்' வந்து உட்கார்ந்திருந்தது. பார்த்து எழுதிவிட்டார்கள் என்று முதலில் கோபம் வந்தது. ஆனால் ஒருவர் டவுனுக்குப் போனதை எழுதியிருந்தார், ஒருவர் தேர்த்திருவிழாவை, இன்னொருவர் காய்ச்சலில் படுத்ததை. நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை, பாடப்புத்தகத்திலும் அப்படி ஒரு வசனம் இல்லை. அப்படியென்றால் பதினொரு பிள்ளைகளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது?

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் நான் முதுகலைக்குப் போனேன். தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டோ, பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்துக்கொண்டோ இருக்கும் உங்களுக்கு இந்தப் படிப்பில் ஒரு கண் இருந்தால், எதை முதலில் செய்வது, எதை ஆறுதலாகச் செய்வது, நான் எங்கே சறுக்கினேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், இது என்ன படிப்பு

ஊரில் சொன்னால் "இங்கிலீஷ் எம்.ஏ.வா?" என்பார்கள். விளக்கம் சொல்லப் போய் நானே களைத்துப்போய் "ஆமா" என்று சொன்ன நாட்களும் உண்டு. உண்மையில் இது இலக்கியம் அல்ல. மொழியியல் மொழியின் கட்டமைப்பையே ஆராய்கிறது. பயன்பாட்டு மொழியியல் மொழி சிக்கலாகும் இடங்களுக்குப் போகிறது: வகுப்பறை, பரீட்சைத் தாள், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், மொழிபெயர்ப்பு, அரசின் மொழிக் கொள்கை. அதற்குள் ஒரு பகுதிதான் இரண்டாம் மொழி ஈட்டல். தாய்மொழி வந்துவிட்ட ஒருவருக்கு இன்னொரு மொழி எப்படி வருகிறது, ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்று கேட்பது அதன் வேலை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல், அதாவது டெசல், ஆசிரியர்களுக்கான படிப்பு. நம் நாட்டில் பலர் இரண்டாம் மொழி ஈட்டலை முதன்முதலில் சந்திப்பது டெசல் முதுகலையில் ஒரு பாடமாகத்தான்.

தமிழில் இதற்கு இன்னும் ஒரே பெயர் நிலைக்கவில்லை. ஈட்டல் என்பார்கள், பேறு என்பார்கள், கையகப்படுத்தல் என்றும் எழுதுகிறார்கள். கையகப்படுத்தல் என்றதும் எனக்குக் காணிதான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் ஈட்டல் பக்கம்.

இரண்டாம் மொழி என்றால் ஆங்கிலம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நமக்குச் சிங்களமும் இரண்டாம் மொழிதான். சிங்கள உத்தியோகத்தருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. 2007இல் வந்த 07/2007 அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கையின்படி, புதிதாக அரச சேவையில் சேர்ந்தவர் மற்ற அரசகரும மொழியில் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. இத்தனை பேர் வேலைக்காக வளர்ந்த பிறகு ஒரு மொழியைப் படிக்கிறார்கள் என்றால், இந்தத் துறைக்கு நம் நாட்டில் வேலை நிறைய இருக்கிறது.

கேள்வியைப் பிடியுங்கள், படிவம் அப்புறம்

பெரும்பாலானோர் தொடங்குவது எந்த கம்பஸ், எவ்வளவு காசு, விண்ணப்பம் எப்போது முடிகிறது என்பதில்தான். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். கையில் ஒரு கேள்வி இருந்தால் எந்தப் படிப்பு உங்களுக்குச் சரி என்பதை அதுவே காட்டிக் கொடுக்கும். கேள்வி இல்லாமல் போனால் கடைசி ஆறு மாதத்தில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டிவரும்.

நான் முதலில் எழுதிக்கொண்டு போன தலைப்பு: "மலையகத் தமிழ் மாணவர்களின் ஆங்கிலக் கற்றல் பிரச்சினைகள்". வாசித்துவிட்டு விரிவுரையாளர் மூன்று கேள்வி கேட்டார். எந்த மாணவர்? எந்தப் பிரச்சினை? அதைப் பார்த்தோம் என்று எப்படிச் சொல்வீர்கள்? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பதுளையிலிருந்து மஸ்கெலியா வரை உள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தலைப்புக்குள் அடைத்திருந்தேன்.

ஒரு கேள்வியை எப்படிச் சிறிதாக்குவது என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. அதே சொல்லில் அந்த 'ந்' ஒலியை அரைவாசி விழுங்கி, தகரத்தோடு ஒட்டிச் சொன்னால் அடிமரம், உடம்பு என்று பொருள் மாறிவிடும். எழுத்தும் வேறு. சிங்களக் காதுக்கு இவை இரண்டு சொற்கள். நம் காதுக்கு இரண்டும் 'கந்த'தான், ஏனென்றால் தமிழில் அந்த அரை மெல்லொலி தனி ஒலியாக இல்லை. சரி, இதிலிருந்து என்ன கேட்கலாம்?

"தமிழர்களுக்குச் சிங்கள உச்சரிப்புக் கஷ்டம்" என்பது வெறும் அபிப்பிராயம். "தமிழ்ப் பிள்ளைகளால் இந்த இரு ஒலிகளையும் பிரித்துக் கேட்க முடிகிறதா" என்பது கேள்விக்குக் கிட்ட வந்துவிட்டது. "டவுனில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த தரம் 8 மாணவரும், பாடப்புத்தகத்தில் மட்டும் சிங்களம் படித்த தரம் 8 மாணவரும் இந்த இரு ஒலிகளைப் பிரித்துக் கேட்பதில் வேறுபடுகிறார்களா" என்று கேட்டால் அது ஓர் ஆய்வு. இருபது சொற்சோடிகளை ஒரு சிங்களப் பேச்சாளரைக் கொண்டு பதிந்து, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, "ஒன்றா, வேறா" என்று கேட்டுவிடலாம். இரண்டு பாடசாலைகள், ஒரு மடிக்கணினி, நல்ல ஹெட்போன் ஒன்று. அவ்வளவுதான் தேவை.

இன்னொன்று. தபால் கந்தோருக்கு மாற்றலாகி வந்த ஒரு சிங்கள உத்தியோகத்தர் பரீட்சைக்காகத் தமிழ் நன்றாகப் படித்தவர். "கடிதம் வந்திருக்கிறதா?" என்று கேட்டால் அவருக்கு விளங்கும். கவுண்டருக்கு முன்னால் நிற்கிற பாட்டி கேட்பதோ "கடுதாசி வந்துச்சாங்க?" அவர் முழிக்கிறார். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இப்படி விலகி நிற்கும்போது, இரண்டாம் மொழியாக நம் மொழியைக் கற்கிறவருக்கு எந்தத் தமிழை முதலில் கொடுப்பது? யாராவது இதை ஒழுங்காக ஆராய்ந்தால் மலையகத்துக் கந்தோர்களில் பாதிச் சண்டை குறையும் என்பது என் நம்பிக்கை.

கேள்விக்குத் தூரம் போக வேண்டியதில்லை. நம் பேச்சிலேயே 'பரேட்' பிரட்டானது, 'லைன்' லயமானது (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), போர்த்துக்கீசத்திலிருந்து வந்த 'காம்பரா' லயத்தோடு சேர்ந்து லயக்காம்பராவானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துவிட்டுப் பிறகு அமெரிக்காவுக்குப் போன சுரேஷ் கனகராஜா, யுத்த காலத்து யாழ்ப்பாண ஆங்கில வகுப்பு ஒன்றைப் பற்றி 1993இல் எழுதிய கட்டுரையில், மாணவர்கள் பாடப்புத்தக ஓரங்களில் கிறுக்கி வைத்த குறிப்புகளையும் படங்களையும் தரவாக எடுத்துக்கொண்டார். நாமாக இருந்தால் "புத்தகத்தைப் பழுதாக்காதே" என்று ஏசியிருப்போம்.

ஒரு சின்னக் கொப்பி வாங்கி, காதில் விழுகிறதைத் திகதி போட்டு அப்படியே எழுதி வாருங்கள். திருத்த வேண்டாம். இரண்டு மாதத்தில் ஒரே விஷயம் நாலைந்து தடவை வந்திருந்தால் அதுதான் உங்கள் கேள்வி.

பிழையைப் பிழையாகப் பார்க்காமல் இருக்கப் பழகுவது

ஆசிரியர்களுக்கு இந்தப் படிப்பில் மிகக் கஷ்டமான பகுதி இதுதான். சிவப்புப் பேனா நம் கையில் அப்படி ஊறிப்போயிருக்கிறது.

1967இல் பிட் கோர்டர் என்ற மொழியியலாளர் ஒரு கட்டுரையில் மாணவரின் பிழைகளுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு என்றார். கைதவறி வரும் பிழை வேறு, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் பிழை வேறு. இரண்டாவது வகை, அந்த நேரத்தில் மாணவரின் மனதில் இருக்கும் விதியைக் காட்டுகிறது. 1972இல் லாரி செலிங்கர் அதற்கு 'இடைமொழி' என்று பெயர் வைத்தார். தாய்மொழியும் அல்லாத, கற்கும் மொழியும் அல்லாத, ஆனால் தனக்கென்று ஒழுங்குள்ள ஒரு மொழி. என் பதினொரு பிள்ளைகளும் 'வாஸ்' என்பதை இறந்தகால முத்திரையாக எடுத்துக்கொண்டு வினைச்சொல்லுக்கு முன்னால் குத்தியிருந்தார்கள். வினையை மாற்றாமல் காலத்தை மட்டும் காட்டுவதற்கு அது மலிவான வழி. ஆங்கிலத்தில் அது பிழை, பிள்ளையின் கணக்கில் அது சரி.

ரிச்சர்ட் ஷ்மிட் 1983இல் எழுதியதையும் தேடி வாசியுங்கள். ஹவாய்க்கு வந்த ஒரு ஜப்பானியரைப் பற்றியது, 'வெஸ்' என்று பெயரிட்டிருப்பார். மூன்று ஆண்டுகள் ஆங்கிலச் சூழலில் இருந்து, எல்லோரோடும் கலகலப்பாகப் பேசி, தன் காரியங்களைச் சாதித்துக்கொண்டவர். ஆனால் இலக்கணம் பெரிதாக முன்னேறவே இல்லை. வாசித்தபோது எனக்கு எங்கள் டவுன் மரக்கறிக் கடைக்காரர் நினைவு வந்தார். இருபது வருடமாகச் சிங்களத்தில் வியாபாரம். வேற்றுமை உருபு ஒன்றுகூட ஒழுங்காக விழாது, ஒரு வாடிக்கையாளரும் குறைந்ததில்லை. பேச்சு ஓடுவதும் இலக்கணம் வளர்வதும் ஒன்றல்ல என்று இரண்டு பேரும் காட்டுகிறார்கள். கவனித்தால்தான் கற்றல் நடக்கும் என்று ஷ்மிட் 1990இல் சொன்னதற்கு வித்து அங்கே இருக்கிறது.

விளங்கக்கூடிய உள்ளீடு, அதாவது கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொள்ளக்கூடிய மொழி, போதும் என்ற ஸ்டீபன் கிராஷனையும், அது போதாது, பேசவும் எழுதவும் வைக்க வேண்டும் என்று 1985இல் சொன்ன மெரில் ஸ்வெய்னையும் சேர்த்து வாசியுங்கள். கனடாவில் பல ஆண்டுகள் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் படித்த பிள்ளைகள்கூடப் பேசும்போது இலக்கணப் பிழை விட்டதைப் பார்த்துத்தான் ஸ்வெய்ன் அங்கே வந்து சேர்ந்தார். யார் சரி என்று உடனே கட்சி சேர வேண்டாம். உங்கள் கொப்பியில் எழுதி வைத்ததை யார் நன்றாக விளக்குகிறார் என்று மட்டும் பாருங்கள்.

தொடக்க வாசிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். லைட்பௌன், ஸ்பாடா இருவரும் ஆசிரியர்களுக்காக எழுதிய அறிமுக நூல் எளிதானது, அதில் தொடங்குங்கள். அப்புறம் லூர்டெஸ் ஒர்ட்டேகா 2009இல் எழுதிய அறிமுகம், கொஞ்சம் கனமானது. ஆய்வுக் கட்டுரைகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 'ஒயாசிஸ்' என்ற இணையத்தளத்தில் மொழிக் கற்றல் ஆய்வுகளின் ஒரு பக்கச் சுருக்கங்கள் எளிய ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'ஐரிஸ்' என்ற தரவுத்தளத்தில் மற்ற ஆய்வாளர்கள் பயன்படுத்திய வினாக்கொத்துகள், சோதனைகள், படங்கள் எல்லாம் இருக்கின்றன. வினாக்கொத்தைச் சொந்தமாகத் தயாரிக்க மூன்று மாதம் செலவழித்த பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது.

எங்கே, எந்த மட்டத்தில்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். முதுகலையில் இரண்டு வகை உண்டு. 9ஆம் மட்டம் பாடங்களை வைத்து 30 கிரெடிட். 10ஆம் மட்டம் 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. 11 எம்.பில்., 12 பிஎச்.டி. இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் கலாநிதிப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால், ஆய்வேடு உள்ள 10ஆம் மட்டத்தையே பாருங்கள். என்னோடு படித்த ஒருவர் சீக்கிரம் முடியும் என்று 9இல் சேர்ந்துவிட்டு, பிறகு ஆய்வுப் பகுதிக்காகத் திரும்ப வந்தார்.

மலையகத்துக்குக் கிட்ட உள்ளது பேராதனை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானங்களுக்கான ஒரு பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது, என்ன முதுகலைகள் உண்டு என்று அங்கே விசாரியுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் கீழ் ஆங்கிலத்துக்கென்றே ஒரு பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது, டெசல் முதுகலை அங்கே உண்டு, தொலைக்கல்வி என்பதால் வேலையோடு படிக்கிறவர்களுக்கு வசதி. மொழியியலையே ஆழமாகப் படிக்க விரும்பினால் களனியில் மொழியியல் துறை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மொழியியல் படிக்கலாம். ஆங்கிலம் கற்பிப்பது உங்கள் தொழில் என்றால் டெசல். சிங்களம், தமிழ், பேச்சொலி என்று போகிறவர்கள் மொழியியல் பக்கம் போவது நல்லது. 'கந்த' மாதிரிக் கேள்விக்கு டெசல் மேற்பார்வையாளர் கிடைப்பது கஷ்டம்.

சேர்வதற்கு முன் அந்தத் துறை விரிவுரையாளர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். உங்கள் கேள்விக்குக் கிட்ட ஒருவராவது இருக்க வேண்டும். இருந்தால் பத்து வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: நான் யார், எங்கே படிப்பிக்கிறேன், என்ன கவனித்தேன், அதைப் பற்றி எதை வாசித்தேன். "தங்களின் மேலான வழிகாட்டலை எதிர்பார்த்து" என்று இரண்டு பக்கம் எழுதினால் பதில் வராது.

விண்ணப்பம்

இதில் சொல்ல அதிகமில்லை. பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், இரண்டு பரிந்துரைக் கடிதம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்பது நம் பக்கத்தில் சாதாரணம். தோட்டத்தில் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதிவிடுவார். அதைச் சரிசெய்ய மாதக்கணக்காகும், ஆகவே முதல் வேலையாக அதைப் பாருங்கள். ஆசிரியராக இருந்தால் அதிபரிடம் வாயால் சொன்னால் போதாது. வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.

நேரமும் பஸ்ஸும்

தகைமைச் சட்டகத்தின்படி பாடங்களுக்கு ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேர வேலை. 30 கிரெடிட்டுக்கு 1500 மணி நேரம். இரண்டு வருடத்தில் முடிப்பதென்றால் கிழமைக்குப் பதினைந்து மணி நேரம் வரும். வார இறுதி விரிவுரை அதில் ஒரு பகுதிதான், மிச்சம் வீட்டில். வீட்டில் இருக்கிறவர்களிடம் முதலிலேயே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். கொழுந்து மலையிலிருந்து வந்து சமைத்துப்போட்ட அம்மாவிடம் "இன்னும் முடியலையா?" என்ற கேள்வியை இரண்டு வருடம் கேட்பதைவிட, "இரண்டு வருஷம் ஆகும்மா" என்று ஒரே நாளில் சொல்லிவிடலாம்.

ஹட்டனிலிருந்து பேராதனைக்கு விடியற்காலை பஸ். கினிகத்தேனை வளைவுகளில் கட்டுரை வாசிக்கப் பார்த்து வயிற்றைப் பிரட்டியதுதான் மிச்சம். அதற்குப் பிறகு கட்டுரைகளை நானே வாசித்துப் போனில் பதிந்து, காதில் போட்டுக்கொண்டு போனேன். கலஹாச் சந்தியில் இறங்கும்போது ஒரு கட்டுரையாவது முடிந்திருக்கும். வாசிக்கும்போது எங்கே விளங்காமல் தடுமாறினேன் என்பது என் குரலிலேயே கேட்கும்.

களத்துக்குப் போதல்

அனுமதியில் தொடங்க வேண்டும். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு, வலயக் கல்விப் பணிமனை, அதிபர், பெற்றோர், கடைசியாகப் பிள்ளை. ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுதிய சம்மதப் படிவத்தை அப்படியே பெற்றோருக்குக் கொடுக்காதீர்கள். "ஆய்வில் பங்குபற்றுவதற்கான சுயவிருப்பச் சம்மதம்" என்றால் லயத்தில் யாருக்கு விளங்கும்? பேசுகிற மொழியில் எழுதுங்கள், போய் வாசித்துக் காட்டுங்கள். அப்பா அம்மா கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்தால் பாட்டிதான் பொறுப்பு. சட்டப்படி யார் கையொப்பமிடலாம் என்பதையும் முன்கூட்டியே குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் போன முதல் வீட்டில் ஒரு அம்மாயி கடைசி வரை கேட்டுவிட்டு, "இதுவும் பரீட்சையா டீச்சர்? கொறஞ்சா அரைப் பேரா?" என்றார். கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளம் போடுவாரே, அதுதான் அரைப் பேர். புள்ளி இல்லை, பாஸ் பெயில் இல்லை, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், டீச்சர் கோபிக்க மாட்டேன் என்று சொன்னேன். "டீச்சர் கேட்டா எப்படி வேணாங்கிறது" என்றார். உங்கள் மாணவரையே ஆய்வுக்கு எடுத்தால் இந்தச் சிக்கல் வரும். 'வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு உண்மையில் இடம் இருக்காது. முடிந்தால் நீங்கள் படிப்பிக்காத பாடசாலைக்குப் போங்கள். நான் அன்று அந்த வீட்டில் கையொப்பம் வாங்காமல் திரும்பி, வேறொரு டீச்சரை அனுப்பித் திரும்பக் கேட்கச் சொன்னேன்.

பெயரை மறைப்பதும் நம் பக்கத்தில் வேறு கணக்கு. 'மாணவி 4, தரம் 9, மேல்பிரிவு, தாய் குவைத்தில்' என்று எழுதிவிட்டால் பெயரே தேவையில்லை, தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆய்வுக்குத் தேவையில்லாத விவரத்தை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஒலிப்பதிவு. என் முதல் மூன்று நாள் பதிவு முழுவதும் வீண். ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை, தகரக் கூரை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் கூரையில் கல்லைக் கொட்டுகிற சத்தம்தான், நடுவில் எங்கேயோ ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை பதிந்து முடிக்கப் பாருங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை ஆண்டுக் கடைசியில் வரும், அங்கே நடு ஆண்டு வசதி. வகுப்பறையில் பதியாதீர்கள், தட்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும். புத்தகங்கள் அடுக்கிய களஞ்சிய அறை நல்லது, எதிரொலி குறையும். மேசையில் ஒரு துவாயை மடித்துப் போட்டு அதன்மேல் போனை வையுங்கள். சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள், விமானப் பயன்முறையைப் போட மறக்காதீர்கள். அன்றைக்கே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள்.

எழுத்தாக்கம் பொறுமையைச் சோதிக்கும். ஒரு மணி நேரப் பதிவுக்கு எனக்கு ஏழெட்டு மணி நேரம் போனது. 'ஈலான்' என்ற இலவச மென்பொருளில் ஒலிக்கு நேர்கீழே எழுதலாம். ஒலியின் நீளம், சுருதி என்று அளக்க வேண்டுமானால் 'பிராட்', அதுவும் இலவசம்.

அதில் நான் விட்ட பெரிய பிழையைச் சொல்கிறேன். பாதி முடிந்தபோது ஒரு பகுதியை எதேச்சையாகத் திரும்பக் கேட்டேன். பிள்ளை சொன்னது "இஸ்கூல்". நான் எழுதியிருந்தது 'ஸ்கூல்'. கொஞ்சம் தள்ளிப் பிள்ளை "மை மதர் டீச்சர்" என்கிறது, நான் 'மை மதர் இஸ் எ டீச்சர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. காது கேட்கும்போதே கை திருத்திவிட்டிருக்கிறது. எந்தப் பிழைகளைத் தேடிப் போனேனோ அவற்றை நானே வழியில் அழித்துக்கொண்டு வந்திருந்தேன். முழுவதையும் திரும்ப முதலிலிருந்து கேட்டேன், சொல் சொல்லாக. அதற்குப் பிறகு பதிவில் பத்தில் ஒரு பங்கை ஆசிரியர் அல்லாத ஒரு நண்பரிடம் கொடுத்துத் தனியாக எழுதச் சொன்னேன். எங்கள் இரண்டு பிரதிகளும் விலகிய இடங்களை உட்கார்ந்து பேசித் தீர்த்தோம். நீங்கள் இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

இந்தியாவுக்கென்றால் கண்டியிலேயே இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது, இந்திய அரசின் புலமைப்பரிசில் அறிவித்தல்களை அங்கே விசாரிக்கலாம். ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்குமென்றே ஒரு மத்திய பல்கலைக்கழகம் உண்டு. தமிழ் மொழியியலுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பழைய பெயர்.

பிரித்தானியாவில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டு. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் திரும்பி வந்து இரண்டு ஆண்டு நம் நாட்டில் இருக்க வேண்டும். படிப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அனுபவம் தானாகச் சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் ஃபுல்பிரைட் உண்டு. பிஎச்.டி. என்றால் இளநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கும் உதவியாளர் வேலையோடு கட்டணம் தள்ளுபடியாகவும் மாதக் கொடுப்பனவோடும் இடம் தரும் துறைகள் இருக்கின்றன. ஹவாய், மேரிலாண்ட், மிச்சிகன் ஸ்டேட் ஆகியவை இரண்டாம் மொழி ஈட்டலுக்குப் பெயர் போனவை. ஐஇஎல்டிஎஸ் பெறுபேறு இரண்டு ஆண்டுதான் செல்லும், ஆகவே அவசரப்பட்டு எழுதிக் காசைக் கரைக்காதீர்கள். மூன்று இடத்துக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்புவதும் வேண்டாம். "சின்ன வயதிலிருந்தே மொழிகளில் ஆர்வம்" என்று தொடங்கும் கடிதம் அவர்களுக்கு ஆயிரம் வரும். தபால் கந்தோர் பாட்டியில் தொடங்கினால் அடுத்த வரியையும் வாசிப்பார்கள்.

முடித்த பிறகு

பிணைத்த ஆய்வேடு நூலகத்துக்குப் போய்விடும். பாடசாலைக்கு ஒரு பிரதி கொடுங்கள், ஆனால் அதை யாரும் திறக்க மாட்டார்கள் என்பதையும் தெரிந்து கொடுங்கள். அதோடு தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: யாரிடம் என்ன கேட்டோம், என்ன தெரிந்தது, வகுப்பில் எதை மாற்றிப் பார்க்கலாம். பங்குபற்றிய பிள்ளைகளுக்கும் அதை வாசித்துக் காட்டுங்கள்.

என்னுடைய பக்கத்தை அதிபர் அறிவித்தல் பலகையில் ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஆறாவது வரியில் நான் விட்டிருந்த ஒரு 'ப்' என்ற எழுத்தை யாரோ ஒரு பிள்ளை சிவப்புப் பேனாவால் சேர்த்துவிட்டிருந்தது.